சென்னை – சிங்கப்பூர் – நியூயார்க்: ஏ350 யூஎல்ஆர் பயணம், விமானப் பிரியர்களுக்கான விமர்சனம்

சென்னையிலிருந்து நியூயார்க் போக சிங்கப்பூர் ஒரு சுற்றுவழி. துபாய் வழியாகப் போனால் முதல் பகுதி சுமார் 2,900 கிலோமீட்டர், அடுத்தது சுமார் 11,000. சிங்கப்பூர் வழியாகவும் முதல் பகுதி அதே 2,900தான். ஆனால் அடுத்த பகுதி 15,300. கூட்டிப் பார்த்தால் 4,000 கிலோமீட்டருக்கு மேல் அதிகம். சீக்கிரம் போய்ச் சேர வேண்டும், செலவு குறைய வேண்டும் என்பவர்கள் வளைகுடா வழியையே பிடிக்கலாம். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வயதான பெற்றோருக்கும், குறிப்பாக முழங்கால் வலியோ கால் வீக்கமோ உள்ளவர்களுக்கு, பதினெட்டு மணி நேரத்தைத் தாண்டி ஒரே இருக்கையில் உட்காருவதை நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நடுவில் இறங்கி நடக்கிற பாதைதான் நல்லது.

விமானங்களை நேசிப்பவர்களுக்குக் கணக்கே வேறு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 24, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே நிலையத்துக்கு எங்கும் நிற்காமல் போகிறது. அதே நகரத்துக்கு அக்கரையில் இருக்கும் நூவர்க் நிலையத்துக்கு எஸ்கியூ 22. பயணிகள் சேவையில் உலகின் மிக நீண்ட இடைநில்லாப் பறத்தல் இவைதான். இதற்கென்றே செய்யப்பட்ட ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் (அல்ட்ரா லாங் ரேஞ்ச், அதாவது மிக நீண்டதூர ரகம்) விமானங்கள் ஏழு இருக்கின்றன. வேறு எந்த நிறுவனத்திடமும் இந்த ரகம் இல்லை. இந்த விமானத்தில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு விநோதத்துக்கும், எகானமி வகுப்பே இல்லாதது உட்பட, காரணம் ஒன்றே ஒன்று: எரிபொருளின் எடை. அதைப் புரிந்துகொண்டு டிக்கெட் போட்டால் கொடுக்கிற பணத்துக்குப் பலன் கிடைக்கும். புரியாமல் போட்டவர்கள்தான் "இவ்வளவு கொடுத்தும் படுக்கை இல்லையா" என்று இறங்கி வருகிறார்கள்.

எடையின் கதை

இந்தப் பாதை புதிதல்ல. 2004இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நான்கு இன்ஜின் ஏ340-500ஐ வைத்து நூவர்க்குக்கு நேரடிச் சேவை தொடங்கியது. 2008இல் அந்த விமானங்களை முழுக்க பிசினஸ் வகுப்பாக மாற்றி, வெறும் 100 இருக்கைகளோடு ஓட்டியது. 2013 நவம்பரில் அதை நிறுத்தியது. நான்கு இன்ஜின் குடிக்கும் எரிபொருளுக்கு நூறு பேரின் டிக்கெட் ஈடாகவில்லை.

இரண்டு இன்ஜின் ஏ350 வந்த பிறகு கணக்கு மாறியது. 2018 அக்டோபர் 11 அன்று நூவர்க் சேவை மறுபடி தொடங்கியது. 2020 நவம்பரில் ஜேஎஃப்கே சேர்ந்தது. வழக்கமான ஏ350-900 சுமார் 1,41,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். யூஎல்ஆர் 1,65,000 லிட்டர். இதற்காகக் கூடுதல் தொட்டி எதையும் பொருத்தவில்லை. இருக்கும் தொட்டிகளிலேயே இன்னும் மேலே வரை நிரப்பும்படி எரிபொருள் அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். விமான எரிபொருள் லிட்டருக்கு ஏறக்குறைய 0.8 கிலோ. முழுக்க நிரப்பினால் 132 டன். விமானம் தரையை விட்டு எழ அனுமதிக்கப்பட்ட உச்ச எடையே 280 டன்தான். அதாவது கிட்டத்தட்டப் பாதி எடை எரிபொருள்.

மிச்சமிருக்கும் பாதியில்தான் விமானத்தின் உடல், ஆட்கள், பெட்டிகள், சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். அதனால் முன்பக்கச் சரக்கு அறையை மூடிவிட்டார்கள். இந்த நிறுவனத்தின் நீண்டதூர ஏ350-900இல் 253 இருக்கைகள். யூஎல்ஆரில் 161 மட்டுமே. பிசினஸ் 67, ப்ரீமியம் எகானமி 94. எகானமி கிடையாது. எகானமி டிக்கெட்டில் சிங்கப்பூர் வழியே நியூயார்க் போக வேண்டுமென்றால் ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் எஸ்கியூ 26 இருக்கிறது. இணையத்தில் தேடும்போது இரண்டும் ஒரே பட்டியலில் வரும். "0 நிறுத்தம்" என்று இரண்டாம் பகுதிக்கு எதிரே இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

பதிவெண்ணை வைத்து விமானத்தை அடையாளம் காணலாம். 9வி-எஸ்ஜிஏ முதல் 9வி-எஸ்ஜிஜி வரை ஏழும் யூஎல்ஆர். 9வி-எஸ்எம் என்று தொடங்குபவை சாதாரண நீண்டதூர ஏ350. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது: அதே 64.75 மீட்டர் இறக்கை, அதே வளைந்த இறக்கை நுனி, விமானி அறைக் கண்ணாடியைச் சுற்றி அதே கறுப்புப் பட்டை, ஒவ்வொன்றும் 84,000 பவுண்டு உந்துவிசை தரும் அதே ரோல்ஸ்-ராய்ஸ் ட்ரென்ட் எக்ஸ்டபிள்யூபி இன்ஜின்கள். பறத்தல் கண்காணிப்புச் செயலிகளில் எந்தப் பதிவெண் வருகிறது என்று புறப்படும் நாளன்று பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பகுதி: சென்னை – சிங்கப்பூர்

சென்னையில் பன்னாட்டுச் சேவைகள் 2023இல் திறக்கப்பட்ட புதிய இரண்டாம் முனையத்திலிருந்து. இந்தப் பகுதிக்கு எந்த ரக விமானம் வரும் என்பது நாளுக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறும். நடுத்தரத் தூர ஏ350 வந்தால் 303 இருக்கை. போயிங் 787-10 வந்தால் 337. 737-8 வந்தால் 154. முதல் இரண்டில் பிசினஸ் வகுப்பில் எல்லா இருக்கையும் படுக்கையாகும், எல்லோருக்கும் நடைபாதை நேரே கிடைக்கும். இந்த மூன்று ரகங்களிலும் ப்ரீமியம் எகானமி இல்லை. ஆகவே நியூயார்க் வரை ப்ரீமியம் டிக்கெட் எடுத்தவரும் சிங்கப்பூர் வரை எகானமியில்தான் உட்காருவார். இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு கவுன்ட்டரில் வாதாடுபவர்கள் உண்டு. டிக்கெட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் வகுப்பு தனித்தனியே எழுதியிருக்கும். பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.

ஜன்னல் இருக்கை வேண்டுமானால் இடதுபக்கம் எடுங்கள். சென்னையில் 07 ஓடுபாதையிலிருந்து கிழக்கு நோக்கி எழும்பினால் நகரம் முழுக்க இடதுபக்கம் விரியும், கடற்கரை வரை விளக்குகள் தெரியும். சிங்கப்பூரில் தெற்கிலிருந்து 02 ஓடுபாதைகளுக்கு இறங்கினால் ஜலசந்தியில் நங்கூரமிட்டிருக்கும் நூற்றுக்கணக்கான கப்பல்களுக்கு மேலாக வருவீர்கள். நகரின் உயரக் கட்டடங்களும் இடதுபக்கம்தான். காற்று வடக்குப் பக்க இறக்கத்தைக் கேட்டால் ஜொகூர் பக்கமாக வரும், அப்போது கப்பல் காட்சி இல்லை.

இரண்டு பகுதிகளையும் ஒரே டிக்கெட்டாக எடுப்பது மிக முக்கியம். மூன்று காரணங்கள். ஒன்று, சென்னை விமானம் தாமதமாகி இணைப்பு தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் நியூயார்க் டிக்கெட் அப்படியே வீணாகும், அதுவும் ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு நேரடிச் சேவை இருக்கும் பாதையில். இரண்டு, பெட்டி சென்னையிலேயே நியூயார்க்குக்கு டேக் போடப்படும். மூன்று, பெட்டி அளவு. அமெரிக்கப் பயணத்துக்கு எண்ணிக்கைக் கணக்கு: ப்ரீமியம் எகானமியில் 23 கிலோ பெட்டி இரண்டு, பிசினஸில் 32 கிலோ பெட்டி இரண்டு. ஒரே டிக்கெட் என்றால் இந்தக் கணக்கு சென்னையிலிருந்தே செல்லும். சென்னை–சிங்கப்பூரை மட்டும் தனியாக எடுத்தால் மொத்த எடைக் கணக்கு வந்துவிடும். இரண்டாவது பெட்டியோடு வருபவர் கவுன்ட்டரில் பணம் கட்ட நேரும். திருச்சி, கோவையிலிருந்து ஸ்கூட் (இதே குழுமத்தின் குறைந்த கட்டண நிறுவனம்) விமானத்தில் வருபவர்களும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தளத்திலேயே முழுப் பயணத்தையும் சேர்த்து எடுக்க முடியும். அவர்களும் அப்படியே செய்வது நல்லது.

செக்-இன் முடிந்ததும் டேக் சீட்டில் கடைசியாக "ஜேஎஃப்கே" அல்லது "ஈடபிள்யூஆர்" (நூவர்க்கின் குறியீடு) என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சிங்கப்பூரைக் குறிக்கும் "எஸ்ஐஎன்" மட்டும் இருந்தால் அங்கேயே சொல்லி மாற்றச் சொல்லுங்கள். இரண்டு போர்டிங் பாஸும் கையில் வர வேண்டும்.

சாங்கியில்

இரவில் சென்னையில் கிளம்பி விடியற்காலையில் இறங்குபவர்களுக்கு நண்பகல் வாக்கில் புறப்படும் ஜேஎஃப்கே சேவை பொருந்தும். பகல் விமானத்தில் வந்தால் நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பும் நூவர்க் சேவை. பருவத்துக்குப் பருவம் அட்டவணை நகரும். இடையில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரம் கிடைத்தால் விமானப் பிரியருக்கு அது வரம்.

முனையங்கள் 1, 2, 3 மூன்றையும் ஸ்கைட்ரெயின் இணைக்கிறது. இமிக்ரேஷன் தாண்டாமலே போகலாம். 2க்கும் 3க்கும் இடையிலான ரயில், ஜுவல் என்ற வணிக வளாகக் கட்டடத்துக்குள் புகுந்து போகிறது. 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவியைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிடலாம். ஜுவலுக்குள் நடந்து போக வேண்டுமானால் இமிக்ரேஷனைக் கடக்க வேண்டும், அதற்கு விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு, மூன்றாவது நாட்டுக்கு உறுதியான தொடர் டிக்கெட்டும் இருந்தால், 96 மணி நேர விசா இல்லா இடைத்தங்கல் வசதி உண்டு. முடிவு அங்கே இருக்கும் அதிகாரியின் கையில். எஸ்ஜி வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் இடைவெளி உள்ளவர்களுக்கு நிலையமே இலவச நகரச் சுற்றுலா நடத்துகிறது. அதற்கும் இதே நுழைவு நிபந்தனைதான்.

உள்ளேயே இருக்க முடிவு செய்தால் இரண்டாம் முனையத்தின் மாடியில் உள்ள சூரியகாந்தித் தோட்டத்துக்குப் போங்கள். திறந்த வெளி, விமானம் நிற்கும் தளம் கண்ணில் படும், டர்பைன் சத்தம் கண்ணாடி இல்லாமல் நேராகக் காதில் விழும். முதல் முனையத்தின் கள்ளித் தோட்டமும் திறந்தவெளிதான். வெயிலும் ஈரப்பதமும் கடுமை என்பதால் காலை நேரமே உகந்தது. மூன்றாம் முனையத்துப் பட்டாம்பூச்சித் தோட்டம் அழகாக இருக்கும், ஆனால் விமானம் பார்க்க வந்தவருக்கு அங்கே வேலை இல்லை. ப்ரீமியம் எகானமி டிக்கெட்டுக்கு லவுஞ்ச் கிடையாது. குளிக்க வேண்டுமென்றால் கட்டணக் குளியலறைகள் உண்டு. பதினெட்டு மணி நேரம் உட்காரப் போகிறவர் குளித்துவிட்டு ஏறுவதுதான் சரி, அந்தக் காசுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

சாங்கியில் 1, 2, 3 முனையங்களில் பாதுகாப்புச் சோதனை ஒவ்வொரு கேட்டின் வாசலிலும் நடக்கிறது. இது தெரியாமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நிலையத்துக்குள் வாங்கிய தண்ணீர் பாட்டிலைக் கேட்டில் கொட்டச் சொல்வார்கள். உள்ளே போனபின் பல கேட் அறைகளில் கடையோ கழிப்பறையோ இருக்காது. அமெரிக்க விமானத்துக்குக் கூடுதல் கேள்விகளும் சோதனைகளும் இருப்பதால் வரிசை மெதுவாகவே நகரும். கேட் திறந்த உடனே போய்விடுங்கள், கழிப்பறை வேலையை முடித்துவிட்டுப் போங்கள், காலி பாட்டிலோடு போங்கள்.

பொடி டப்பாக்கள்

அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களில் 350 மில்லிலிட்டர் கொள்ளளவுக்கு மேற்பட்ட பொடி வகைகள் கைப்பையில் இருந்தால் தனிச் சோதனைக்கு உள்ளாகும். என்னவென்று உறுதி செய்ய முடியாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். 2018 நடுவிலிருந்து இந்த விதி. இட்லிப் பொடி, சாம்பார் பொடி, பருப்புப் பொடி, சத்துமாவு எல்லாம் இதில் வரும். சென்னையில் தாண்டிவிட்டாலும் சிங்கப்பூர் கேட்டில் பிடிபடும். குழந்தைப் பால் பவுடருக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. மற்ற எல்லாப் பொடியையும் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

பெரிய பெட்டியிலும் எல்லாம் போகாது. பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் தடை, எலுமிச்சை இனப் பயிர்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிவரும் என்பதால். இந்தியாவிலிருந்து அரிசியும் கொண்டுபோக முடியாது. காரணம் தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டு. பழங்கள், இறைச்சி வகைகள் வேண்டாம். ஊறுகாய், வறுத்தரைத்த பொடி, முறுக்கு, அதிரசம் போன்றவை பெரும்பாலும் பிரச்சினையில்லை. ஆனால் எதைக் கொண்டுபோனாலும் சுங்கத்தில் "உணவு இருக்கிறது" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்துப் பிடிபட்டால் அபராதம்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே, 100 வாட்-மணி வரை. 2025 ஏப்ரல் முதல் இந்த நிறுவனத்தின் விமானங்களில் பவர் பேங்கை வைத்து போனுக்குச் சார்ஜ் ஏற்றுவதும், பவர் பேங்குக்கே சார்ஜ் ஏற்றுவதும் தடை. இருக்கையிலேயே மின்செருகியும் யூஎஸ்பியும் உள்ளன. தட்டை முள் அமெரிக்க அடாப்டர் ஒன்றை எடுத்துக்கொண்டால் இங்கேயும் நியூயார்க்கிலும் உதவும்.

இருக்கை

ப்ரீமியம் எகானமி, விமானத்தின் பின்பகுதி முழுவதையும் பிடித்திருக்கிறது. 2-4-2 அமைப்பு. இருக்கை இடைவெளி 38 அங்குலம், சாய்வு 8 அங்குலம், திரை 13.3 அங்குலம். கெண்டைக்கால் தாங்கியும் பாதக் கம்பியும் உண்டு. எகானமியோடு ஒப்பிட்டால் தோளுக்கும் காலுக்கும் நல்ல விடுதலை. ஆனால் இது நாற்காலிதான். முதுகு தட்டையாகாது. முதல் எட்டு மணி நேரம் சுகமாகவே போகும். பன்னிரண்டைத் தாண்டும்போது இடுப்பு பேச ஆரம்பிக்கும். உட்கார்ந்தபடி தூங்க முடியாதவர்கள் இந்த வகுப்பை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

எடுப்பதென்றால் முதலில் தேட வேண்டியவை 40, 41, 42ஆம் வரிசைகளின் ஓர இருக்கைகள். விமானத்தின் உடல் அங்கே குறுகுவதால் ஜன்னல் பக்கம் இரண்டுக்குப் பதில் ஒற்றை இருக்கைதான். பக்கத்தில் ஆள் இல்லை, எழுந்து போக யாரையும் எழுப்ப வேண்டியதில்லை, சுவருக்கும் இருக்கைக்கும் நடுவே பை வைக்க இடமும் கிடைக்கும். பின் சமையலறையும் கழிப்பறையும் அருகில் என்பதால் சத்தமும் நடமாட்டமும் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். டிக்கெட் போட்ட அன்றே கட்டணம் செலுத்திப் பிடித்தால்தான் உண்டு. மொத்தம் ஆறே இருக்கைகள்.

இறக்கையைப் பார்க்க விரும்புபவர் இந்த வகுப்பின் முன்வரிசைகளை எடுக்க வேண்டும். அங்கிருந்து இறக்கையின் பின்விளிம்பு முழுக்கத் தெரியும். ஏ350 பறந்துகொண்டிருக்கும்போதே ஃபிளாப்புகளை (அந்தப் பின்விளிம்பில் அசையும் பலகைகளை) மிகச் சிறிய அளவில் தானாக நகர்த்தி, எடை குறையக் குறைய இறக்கையின் வளைவைச் சரிசெய்துகொள்ளும். பழைய விமானங்களில் இந்தக் காட்சி கிடையாது. முதல் வரிசையில் கால் நீட்ட இடம் அதிகம், ஆனால் மேசையும் திரையும் கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடி தூக்க முடியாது. டேக்-ஆஃப், தரையிறக்க நேரங்களில் பையைக் காலடியில் வைக்கவும் முடியாது.

பிசினஸ் 1-2-1. இருக்கை 28 அங்குல அகலம், படுக்கை 78 அங்குல நீளம். படுக்கையாக்க எழுந்து நின்று முதுகுப் பலகையை முன்னால் மடக்க வேண்டும்; படுத்தபின் கால் ஒரு மூலைக் குழிக்குள் சாய்வாகப் போகும். உயரமானவர்களுக்கும் குப்புறப் படுப்பவர்களுக்கும் அந்தக் குழி குறுகல். தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசைகளில் மட்டும் கால் வைக்கும் இடம் முழு அகலத்துக்கு இருக்கும். நீளமான பயணம் என்பதால் அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே அவற்றைத் தேடிப் பிடிக்கலாம்.

மேலே போனபின்

டேக்-ஆஃபைக் கவனியுங்கள். 280 டன்னை நெருங்கிய விமானம் சாங்கியின் வெப்பக் காற்றில் எழும்ப ஓடுபாதையில் நெடுந்தூரம் ஓடும். எழும்பிய பிறகும் உடனே உச்சத்துக்குப் போகாது. எடை அதிகம் என்பதால் தொடக்கத்தில் 31,000 அல்லது 33,000 அடியில் நின்றுகொள்ளும். எரிபொருள் தீரத் தீர இரண்டாயிரம் இரண்டாயிரமாகப் படியேறி, கடைசிக் கட்டத்தில் 39,000, 41,000 என்று போகும். திரையில் வரைபடத்தைத் திறந்து வைத்தால் இந்தப் படிகளை வரிசையாகப் பார்க்கலாம். எனக்கு இந்தப் பயணத்தின் மிகப் பெரிய சுவை இதுதான்: தொட்டி காலியாவதை உயரக் கணக்கில் படிக்க முடிகிறது.

பூமி உருண்டையில் நூல் பிடித்தால் சிங்கப்பூர்–நியூயார்க் நேர்வழி வடதுருவத்தை ஒட்டிப் போகும். நடைமுறையில் விமானம் அப்படிப் போவதில்லை. ஜப்பான் பக்கமாக வடகிழக்கே போய், வட பசிபிக்கின் ஜெட் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, வட அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தொட்டு, கண்டத்தைக் குறுக்கே கடக்கும். தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டினாலும் காற்று அதை ஈடுகட்டிவிடும். கடலின் நடுவே இரண்டு இன்ஜின் போதுமா என்று கேட்பவர்களுக்கு: ஏ350, ஓர் இன்ஜின் நின்றாலும் 370 நிமிடம் வரை மறு இன்ஜினில் பறந்து மாற்று நிலையத்தை அடையலாம் என்ற அளவுக்குச் சான்று பெற்ற ரகம்.

இந்தப் பகுதிக்கும் இடதுபக்க ஜன்னலே. வடக்கு அந்தப் பக்கம். சூரியன் நேரே விழாது என்பதால் படங்கள் தெளிவாக வரும். குளிர்கால இரவில் வட பசிபிக்கிலும் கனடா மேலும் துருவ ஒளி தெரிந்தால் அதுவும் இடதுபக்கம்தான். கேபின் விளக்குகள் அணைந்த பிறகு போர்வையைத் தலைக்கு மேல் போட்டு ஜன்னலோடு ஒட்டிப் பாருங்கள், கண் பழகக் கால் மணி நேரம் ஆகும்.

ஏ350இன் கேபின் அழுத்தம் 6,000 அடி உயரத்துக்கு நிகராக வைக்கப்படுகிறது. பழைய விமானங்களில் 8,000 அடி வரை போகும். தலைவலியும் காது அடைப்பும் குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஆனாலும் காற்று வறண்டதுதான். தண்ணீரை மணிக்கொரு முறை கேட்டு வாங்கிக் குடியுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பின்பக்கம் வரை நடந்துவிட்டு வாருங்கள், கால் வீக்கம் வரும் உடல்வாகு என்றால் முழங்கால் வரையிலான அழுத்தக் காலுறை போட்டுக்கொண்டே ஏறுங்கள்.

சாப்பாட்டில் இந்திய சைவம் வேண்டுமென்றால் "ஏவிஎம்எல்" குறியீட்டில், புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே பதிய வேண்டும். ஜைன உணவு "விஜேஎம்எல்". சென்னைப் பகுதியில் பதியாவிட்டாலும் ஏதாவது சைவம் கிடைத்துவிடும். நியூயார்க் பகுதியில் நம்ப முடியாது. சிறப்புணவு முதலில் பரிமாறப்படும் என்பது சாதகம். அந்த உணவு இரு வேளையும் ஒரே சாயலில் இருப்பது பாதகம். இடையில் பசித்தால் கேட்டு வாங்கலாம்.

வைஃபை, இந்த நிறுவனத்தின் கிரிஸ்ஃபிளையர் பயணித் திட்ட உறுப்பினர்களுக்கு 2023 ஜூலை முதல் எல்லா வகுப்பிலும் இலவசம். உறுப்பினர் சேர்க்கைக்குக் காசு இல்லை. ஆனால் உறுப்பினர் எண்ணைப் பயணத்துக்கு முன்பே டிக்கெட்டோடு இணைத்திருக்க வேண்டும். பசிபிக் நடுவே இணைப்பு அவ்வப்போது அறுந்துபோகும், வீடியோ அழைப்பை நம்பாதீர்கள். தமிழ்ப் படங்கள் திரையில் உண்டு.

விமானிகள் நால்வர், இரண்டு கேப்டன்களும் இரண்டு முதல் அதிகாரிகளும், முறை வைத்து ஓட்டுகிறார்கள். கேபின் பணியாளர் 13 பேர். நள்ளிரவில் பாதிப் பேர் பின்பக்கம் மேல்தளப் படுக்கைகளில் ஓய்வில் இருப்பார்கள், அழைப்பு மணிக்குப் பதில் தாமதமானால் காரணம் அதுவே. நீங்களே சமையலறைப் பக்கம் போய்க் கேட்டால் உடனே தருவார்கள்.

நியூயார்க் கோடைகாலத்தில் சிங்கப்பூரை விட சரியாக 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. நண்பகலில் கிளம்பிய எஸ்கியூ 24 அதே தேதியில் மாலையில் இறங்கும். ஆகவே முதல் பாதியில் தூங்கி, கடைசி ஐந்தாறு மணி நேரம் விழித்திருந்து, இறங்கியபின் இரவு படுப்பது நல்லது. நூவர்க் சேவை விடியற்காலையில் இறங்கும்; அதில் கடைசிப் பாதியில்தான் தூங்க வேண்டும்.

ஜேஎஃப்கேயில் நான்காம் முனையம், நூவர்க்கில் பி முனையம். வேறு ஊருக்கு உள்நாட்டு விமானம் பிடிப்பவர்கள், பெட்டி கடைசி ஊர் வரை டேக் போடப்பட்டிருந்தாலும் இங்கே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு மூன்று மணி நேரம் விடுங்கள்.

திரும்பும் பயணம்

திரும்பும் பாதை ஒவ்வொரு நாளும் வேறு. அன்றைய காற்றைப் பார்த்து, சில நாள் துருவப் பக்கமாகவும், பல நாள் அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து கிழக்காகவும் வருவார்கள். கிழக்காக வந்தால் போகும்போது பசிபிக், வரும்போது அட்லாண்டிக் என்று ஒரே டிக்கெட்டில் உலகை முழுச் சுற்று வந்துவிடுவீர்கள். எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரியாததால் ஜன்னல் பக்கத்துக்கு விதி சொல்ல முடியாது. இரவு கிளம்பும் எஸ்கியூ 23, நாட்காட்டியில் இரண்டு தேதி தள்ளி விடியற்காலையில் சிங்கப்பூரில் இறங்கும். சென்னையில் இறங்கியபின் ஊருக்கு ரயில் பதிவு செய்பவர்கள் தேதியை ஒரு முறைக்கு இரு முறை சரிபாருங்கள்.

இப்போதைய கேபின் இன்னும் நெடுநாள் இருக்காது. 2024 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் நீண்டதூர ஏ350களைப் புதுப்பிக்கும் திட்டத்தை அறிவித்தது. யூஎல்ஆர் ஏழிலும் முதல் வகுப்பு 4, பிசினஸ் 70, ப்ரீமியம் எகானமி 58 என்று இருக்கைகள் மாறும். முதல் யூஎல்ஆர் 2027 தொடக்கத்தில் வரும் என்று அப்போது அறிவித்தார்கள். 94 இடம் 58 ஆகும்போது ப்ரீமியம் டிக்கெட் இப்போதையதை விடக் கடினமாகவே கிடைக்கும். இந்த விமானத்தில் பிசினஸ் அல்லாத டிக்கெட்டில் போக நினைப்பவர்கள், ஏழு விமானங்களும் பழைய அமைப்பில் ஓடும்போதே, கூட்டம் குறைந்த பிப்ரவரி அல்லது செப்டம்பரில், ஒற்றை இருக்கைகள் காலியாக இருக்கும் தேதியாகப் பார்த்துப் போடுவது நல்லது.